கம்ப்யூட்டர் 'ஹேங்' ஆனால் பதற வேண்டாம்

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் நம் குடியிருப்பைச் சேர்ந்த, கம்ப்யூட்டர் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம்.)



தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு, பார்க்கிங் என்று முக்கியமான விஷயங்களைப் பேசி முடித்துவிட்டோம். காபி வருவதற்குள் இருபது நிமிடம் பேசச் சொல்லிச் செயலாளர் கேட்டார். நம் வாட்ஸ்ஆப் குழுவில் கடந்த இரண்டு மாதத்தில் ஒரே கேள்வி நான்கு முறை வந்தது: "கம்ப்யூட்டர் ஹேங் ஆயிடுச்சு, யாராவது வர முடியுமா?" அதனால் அதைப் பற்றியே பேசுகிறேன்.

முதலில் ஒரு வாக்குமூலம். பழைய உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சில வருடம் முன்பு நான் சங்கத்தின் பொருளாளராக இருந்தபோது பொதுக்குழு ஒரு வாரம் தள்ளிப்போனது. ஆடிட்டர் ஊரில் இல்லை என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மை அதுவல்ல. 96 வீட்டின் மெயின்டனன்ஸ் கணக்கையும் ஒரே எக்செல் ஃபைலில் வைத்திருந்தேன். ஒரு ராத்திரி அதைச் சேமித்துக்கொண்டிருக்கும்போது திரை அப்படியே நின்றுவிட்டது. முப்பது வருடம் இதே வேலை பார்த்த நான், பொறுமை இல்லாமல் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தேன். மறுபடி போட்டபோது அந்த ஃபைல் திறக்கவே இல்லை. ரசீதுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏழு நாள் உட்கார்ந்து திரும்ப ஏற்றினேன். ஆகவே இன்று சொல்வதெல்லாம் நான் பட்டுத் தெரிந்துகொண்டவை.

ஹேங் என்றால் என்ன?

உங்கள் சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். மேடை இருக்கிறது, பரண் இருக்கிறது. கம்ப்யூட்டரில் ரேம் என்பது மேடை. ஹார்ட் டிஸ்க் என்பது பரண். நீங்கள் திறக்கும் ஒவ்வொரு புரோகிராமும், பிரவுசரில் திறக்கும் ஒவ்வொரு பக்கமும் மேடையில் வைக்கும் ஒரு பாத்திரம். மேடை நிரம்பிவிட்டால், சிலவற்றைப் பரணில் ஏற்றிவிட்டு, தேவைப்படும்போது ஏணி போட்டு இறக்க வேண்டும். கம்ப்யூட்டரும் அதைத்தான் செய்கிறது. ஏணியில் ஏறி இறங்கும் நேரம்தான் உங்களுக்கு ஹேங் ஆனது போலத் தெரிகிறது.

இது ஒரு வகை. இன்னொரு வகையில், ஒரு புரோகிராம் எதற்கோ காத்துக்கொண்டு நின்றுவிடும். பிரிண்டரிலிருந்து பதில் வர வேண்டும், இணையத்திலிருந்து பதில் வர வேண்டும், வரவில்லை. அந்த ஒரு புரோகிராம்தான் நின்றிருக்கும், மற்றவை நன்றாகவே ஓடும். மூன்றாவது வகையில் மொத்தக் கம்ப்யூட்டரும் நின்றுவிடும். இது குறைவுதான். எந்த வகை என்று தெரியாமல் சுவிட்சை அணைப்பதுதான் நாம் செய்யும் முதல் தவறு.

முதல் ஐந்து நிமிடம்

திரை நின்றவுடன் கையை எடுத்துவிடுங்கள். மவுஸைப் பத்து முறை தட்டினால், அந்தப் பத்துத் தட்டலும் வரிசையில் போய் நிற்கும். கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டதும் பத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும். எதையாவது அழித்தாலும் அழித்துவிடும். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். நான் பார்த்த ஹேங்குகளில் நிறைய, யாரும் எதுவும் செய்யாமலே சரியாகிவிட்டவைதான்.

ஐந்து நிமிடம் கழித்தும் அப்படியே இருந்தால் இரண்டைப் பாருங்கள். மவுஸ் அம்புக்குறி நகர்கிறதா? கேப்ஸ் லாக் விசையை அழுத்தினால் அதன் சிறு விளக்கு எரிந்து அணைகிறதா? இரண்டில் ஒன்று நடந்தாலும் கம்ப்யூட்டருக்கு உயிர் இருக்கிறது, ஏதோ ஒரு புரோகிராம்தான் சிக்கியிருக்கிறது என்று கொள்ளலாம். இரண்டுமே இல்லையென்றால் மொத்தமாக நின்றுவிட்டது.

உயிர் இருந்தால், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் பட்டியல் இருக்கும். எது நின்றுவிட்டதோ அதைத் தேர்ந்தெடுத்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். அந்த ஒன்று மட்டும் மூடிக்கொள்ளும். அதில் சேமிக்காமல் வைத்திருந்தது போய்விடலாம், ஆனால் மற்றவை தப்பிக்கும். பெயர் தெரியாத எதையும் அந்தப் பட்டியலில் மூடாதீர்கள். நீங்கள் திறந்ததை மட்டும் மூடுங்கள். ஆப்பிள் மேக் வைத்திருப்பவர்கள் ஆப்ஷன், கமாண்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இதே போன்ற பட்டியல் வரும்.

திரை மட்டும் கறுப்பாகிவிட்டது, பாட்டுச் சத்தம் கேட்கிறது என்றால் விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி என்ற நான்கையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். திரை ஒரு முறை சிமிட்டிவிட்டுத் திரும்பி வரலாம். படத்தைத் திரையில் காட்டும் பகுதியை மட்டும் இது புதுப்பிக்கிறது. உங்கள் ஃபைல் எதுவும் போகாது.

அதுவும் பலிக்கவில்லையென்றால் நமக்குத் தெரிந்த கன்ட்ரோல், ஆல்ட், டெலிட். 1981-ல் ஐபிஎம் பெர்சனல் கம்ப்யூட்டரை உருவாக்கிய குழுவில் இருந்த டேவிட் பிராட்லி என்ற பொறியாளர் உண்டாக்கியது இது. சோதித்துப் பார்க்கும்போது ஒவ்வொரு தடவையும் அணைத்துப் போடுவது சலித்துப்போய், சீக்கிரம் திரும்பத் தொடங்க ஒரு வழியாக வைத்தார். தெரியாமல் கை பட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் மூன்று விசை. இன்றைய விண்டோஸில் அதை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். கீழே வலது மூலையில் பவர் படம் இருக்கும். அங்கே 'ரீஸ்டார்ட்' கொடுங்கள்.

எதற்கும் அசையவில்லை என்றால்தான் கடைசி வழி. கம்ப்யூட்டரின் பவர் பொத்தானைப் பத்து விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். அணைந்துவிடும். அரை நிமிடம் விட்டு மறுபடி போடுங்கள். சுவர் சுவிட்சைத் தொட வேண்டிய தேவையே இல்லை. ஒரு எச்சரிக்கை: திரையில் "அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள்" என்று இருந்தால் அது ஹேங் அல்ல. ஒரு மணி நேரம் ஆனாலும் விட்டுவிடுங்கள். நடுவில் அணைத்தால் விண்டோஸே திறக்காமல் போகலாம்.

திரும்பத் திறந்ததும் முதல் வேலை, பாதியில் நின்ற ஃபைலைத் தேடுவது. வேர்டும் எக்செல்லும் வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் தாமாகவே ஒரு நகலை வைத்துக்கொள்ளும். மறுபடி திறந்தால் இடது பக்கத்தில் மீட்ட ஃபைல்களின் பட்டியல் காட்டும். அவசரப்பட்டு அதை மூடிவிடாதீர்கள். திறந்து பார்த்து, வேறு பெயரில் சேமித்துவிட்டு, அப்புறம் மூடுங்கள்.

அடிக்கடி ஆகிறதா?

மாதத்தில் ஒரு தரம் ஹேங் ஆனால் கவலைப்பட வேண்டாம். வாரத்தில் மூன்று தரம் என்றால் காரணம் தேட வேண்டும்.

முதல் காரணம், இடமில்லாமை. சி டிரைவ் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டால் எந்தக் கம்ப்யூட்டரும் தள்ளாடும். வாட்ஸ்ஆப்பிலிருந்து இறங்கிய வீடியோக்களும், டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் தேங்கிய கரண்ட் பில்களுமே பாதி இடத்தை அடைத்திருக்கும். அவற்றை முதலில் காலி செய்யுங்கள்.

இரண்டாவது, பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். ஏழெட்டு வருடப் பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடுவதற்கு முன், அதில் எஸ்எஸ்டி பொருத்த முடியுமா என்று ஒரு நல்ல டெக்னீஷியனிடம் கேளுங்கள். சில ஆயிரம் ரூபாய் செலவில் அது வேறு கம்ப்யூட்டர் போல ஓடும். ஆனால் ஹார்ட் டிஸ்கிலிருந்து டக்-டக் என்று புதிதாகச் சத்தம் கேட்டால், அன்றைக்கே உங்கள் ஃபோட்டோக்களை வேறு இடத்துக்கு எடுத்துவிடுங்கள். அதற்கப்புறம் காத்திருக்க வேண்டாம்.

மூன்றாவது, சூடு. நம் ஊர் மே மாத வெயிலில் லேப்டாப்பை மெத்தை மேல் வைத்து வேலை பார்த்தால் அடியில் காற்றுப் போகும் வழி அடைபடும். சூடு ஏறினால் அது தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், அதிகமானால் அணைந்துவிடும். மேசை மேல் வையுங்கள். பக்கத்து மனையில் கட்டட வேலை நடக்கிறது, எல்லா வீட்டிலும் தூசி. வருடத்துக்கு ஒரு தரம் ஃபேனைத் துடைக்கச் சொல்லுங்கள்.

நான்காவது, மின்சாரம். கரண்ட் போய் நம் ஜெனரேட்டர் எடுக்க ஆகும் அந்தச் சில விநாடிகள் மேசைக் கம்ப்யூட்டருக்கு ஆபத்து. சின்ன யுபிஎஸ் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பேட்டரி மூன்று வருடத்துக்கு மேல் நன்றாக உழைப்பது அரிது. யுபிஎஸ் இருக்கிறதே என்று நம்பிவிடாமல் பேட்டரியையும் பாருங்கள்.

ஐந்தாவது, இரண்டு ஆன்டிவைரஸ். ஒன்று கடைக்காரர் போட்டது, இன்னொன்று மகன் போட்டது. இரண்டு வாட்ச்மேன் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டுச் சோதித்துக்கொண்டிருந்தால் கேட் எப்படித் திறக்கும்? ஒன்று போதும். விண்டோஸுடன் வருவதே வீட்டு உபயோகத்துக்குப் போதுமானது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. விண்டோஸில் 'ஷட் டவுன்' கொடுத்தால், பெரும்பாலான கம்ப்யூட்டர்களில், அது முழுதாக அணைவதில்லை. சீக்கிரம் திறப்பதற்காகச் சிலவற்றை அப்படியே சேமித்து வைத்துக்கொள்ளும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். எனவே வாரத்துக்கு ஒரு தரம் ரீஸ்டார்ட் கொடுங்கள். மேலும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. இன்னும் அதையே வைத்திருப்பவர்கள், குறிப்பாக அதில் வங்கி வேலை பார்ப்பவர்கள், மாற்றுவது பற்றி யோசியுங்கள்.

எல்லாவற்றுக்கும் நீங்களே காரணம் என்று நினைக்காதீர்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு அப்டேட்டால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நின்றுபோயின. நம் நாட்டு விமான நிலையங்களிலேயே போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அவர்களுக்கே அப்படி என்றால், நம் வீட்டுக் கம்ப்யூட்டர் எம்மாத்திரம்?

ஹேங் ஆகாமலே ஹேங் ஆனது போல

இப்போது சொல்லப்போவதற்காகத்தான் நான் இந்த இருபது நிமிடத்தைக் கேட்டு வாங்கினேன் என்றுகூடச் சொல்லலாம்.

என் அக்கா மயிலாடுதுறையில் தனியாக இருக்கிறார். ஓய்வு பெற்ற ஆசிரியை. ஒருநாள் மதியம் கோயில் கும்பாபிஷேக வீடியோ தேடிக்கொண்டிருந்தபோது, எதையோ தட்டியதும் திரை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. சைரன் சத்தம். ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல், "உங்கள் கம்ப்யூட்டர் பூட்டப்பட்டுவிட்டது, அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும், உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள்" என்கிறது. மவுஸ் எங்கே போனது என்று தெரியவில்லை. எதை அழுத்தியும் அந்தப் பக்கம் போகவில்லை.

அக்கா அந்த எண்ணுக்குப் பேசினார். எதிர்முனையில் மிகவும் மரியாதையான ஆள். ஒரு செயலியைப் போடச் சொன்னார். அதன் வழியாக இவர் திரையை அவர் பார்க்க முடிந்தது. பதிவுக் கட்டணம் பத்து ரூபாய் மட்டும் நெட் பேங்கிங்கில் கட்டச் சொன்னார். பாஸ்வேர்டைப் போட்டார், ஓடிபி வந்தது, அதையும் போட்டார். முதலில் 49,000 ரூபாய் போனது. பிறகு 15,000.

மதியம் மூன்று மணிக்கு நடந்தது. எனக்கு ஃபோன் வந்தது ராத்திரி எட்டு மணிக்கு. உடனே 1930-க்குப் பேசிப் புகார் பதிவு செய்தோம், வங்கிக்கும் சொன்னோம். அந்த 15,000 மட்டும் வழியில் நிறுத்தப்பட்டு, பல மாதம் கழித்துத் திரும்பி வந்தது. 49,000 வரவில்லை.

"ஏன்க்கா, அப்பவே என்னைக் கூப்பிடலை?" என்று கேட்டேன்.

"போன மாசம் கூப்பிட்டதுக்கே, எத்தனை தடவை சொல்றது, கண்டதையும் தட்டாதேன்னு கத்தினியேடா. மறுபடியும் திட்டுவியேன்னுதான் கூப்பிடலை" என்றார்.

உடனே கூப்பிட்டிருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அக்கா என்னை விட்டுவிட்டு முன்பின் தெரியாத ஒருவனை நம்பியதற்கு நானும் ஒரு காரணம். அவன் கத்தவில்லை, நான் கத்தினேன்.

ஆகவே இதை மனத்தில் வையுங்கள். உண்மையிலேயே ஹேங் ஆன கம்ப்யூட்டர் உங்களுக்கு ஃபோன் நம்பர் தராது. விண்டோஸின் நிஜமான பிழைத் திரை நீல நிறத்தில், புதிய விண்டோஸ் 11-ல் கறுப்பாக, அமைதியாக இருக்கும். ஒரு குறியீடு காட்டும், அவ்வளவுதான். தங்கள் எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் இருக்காது என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. எண் இருந்தால் மோசடி. இதில் விதிவிலக்கே கிடையாது.

அந்தச் சிவப்புத் திரை ஒரு இணையப் பக்கம்தான். முழுத் திரையாக விரிந்து, மவுஸை மறைத்து, பூட்டியது போலப் பாசாங்கு செய்கிறது. ஒலியைக் குறைத்துவிட்டு, எஸ்கேப் விசையைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். போகவில்லையா, ஆல்ட் விசையுடன் எஃப் 4. அப்படியும் போகவில்லையா, முன்பு சொன்ன டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். எதுவுமே நினைவுக்கு வரவில்லையென்றால் பவர் பொத்தானைப் பத்து விநாடி பிடியுங்கள். அணைத்தால் எல்லாம் அழியும் என்பது வெறும் மிரட்டல். பிரவுசரை மறுபடி திறக்கும்போது, பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஒருவேளை பேசிவிட்டீர்கள், பணமும் போய்விட்டது என்றால், முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். உடனே 1930-க்குப் பேசுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். 2017-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட வழிமுறைப்படி, நம் கவனக்குறைவால் பணம் போயிருந்தாலும்கூட, வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. ஆகவே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். அவர்கள் போடச் சொன்ன செயலியை நீக்கும்வரை அந்தக் கம்ப்யூட்டரை இணையத்தில் இணைக்காதீர்கள்.

கடைசியாக மூன்று வேண்டுகோள்

ஒன்று, நகல். ஃபோட்டோ, பத்திர ஸ்கேன், வருமான வரிக் கணக்கு எதுவானாலும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, முடிந்தால் கூகுள் டிரைவ் போன்ற இடத்தில் ஒன்று. மாதம் மெயின்டனன்ஸ் கட்டும் நாளை இதற்கும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். வெளி ஹார்ட் டிஸ்கை வேலை முடிந்ததும் கழற்றி பீரோவில் வையுங்கள். நகல் இருந்தால் ஹேங் ஆவது ஒரு தொந்தரவு மட்டுமே. நகல் இல்லையென்றால் அது இழப்பு. என் ஏழு நாள் அதற்குச் சாட்சி. சங்கக் கணக்கு இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு, ஒரு தாள். இந்தச் செய்திமடல் வந்ததும் இந்த வரிகளைக் கையால் எழுதிக் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். ஹேங் ஆன கம்ப்யூட்டரில் செய்திமடலைத் திறக்க முடியாது அல்லவா?

ஐந்து நிமிடம் காத்திரு.
கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப்: நின்றதை மட்டும் மூடு.
கன்ட்ரோல், ஆல்ட், டெலிட்: ரீஸ்டார்ட்.
கடைசியாக, பவர் பொத்தான் பத்து விநாடி.
திரையில் ஃபோன் நம்பர் இருந்தால் மோசடி. பேசாதே.
பணம் போனால் உடனே 1930.

அதன் கீழே உங்கள் வீட்டில் உதவக்கூடிய ஒருவரின் எண்ணையும் எழுதுங்கள்.

மூன்றாவது, அந்த எண்ணுக்கு உரியவர்களுக்கு, அதாவது இங்கே பின்வரிசையில் மொபைலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் என்னைப் போன்றவர்களுக்கும். அப்பாவோ, அத்தையோ, பக்கத்து வீட்டு மாமியோ ஐந்தாவது முறையாக அதே கேள்வியோடு கூப்பிட்டாலும் திட்டாதீர்கள். முதல் முறை கேட்பது போலவே பதில் சொல்லுங்கள். ஆறாவது முறை அவர்கள் கூப்பிடுவது உண்மையான ஆபத்தின்போதாக இருக்கலாம். அன்றைக்கு அவர்களுக்கு முதலில் நம் எண் நினைவுக்கு வர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து முதல் பன்னிரண்டு வரை சங்க அலுவலகத்தில் இருப்பேன். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வரலாம். கட்டணம் கிடையாது, திட்டும் கிடையாது. காபி வந்துவிட்டது.